‘என் மெஷின்ல ஓடுதே!’ – பாமினி மாற்றி ஒன்றைப் பொட்டலம் கட்டிய அனுபவம்

“தம்பி, நீங்க குடுத்ததைத் தட்டுனா தெறக்குது. ‘மாற்று’ன்னு இருக்குற பட்டனை அமுக்குனா மாயமாப் போயிருது.” அச்சகத்து அண்ணாச்சி போனில் சொன்னது இவ்வளவுதான். பிழைச் செய்தி எதுவும் வந்ததா என்று கேட்டேன். “அதான் சொல்லுதேனே, மாயமாப் போயிருது.”

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சியின் அச்சகத்தில் பதினைந்து இருபது வருடத்து நோட்டீஸ், அழைப்பிதழ், கோவில் கொடை மலர் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்துக் கிடக்கின்றன. பாமினி யூனிகோடு (உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுமுறை) கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த எழுத்துரு. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாகத் தட்டினால் திரையில் ‘அம்மா’ வரும், ஆனால் கோப்புக்குள் இருப்பது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். இதை யூனிகோடுக்கு மாற்ற இருநூறு வரியில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். என் உபுண்டு லினக்ஸ் கணினியில், கட்டளையைத் தட்டி இயக்கும் டெர்மினலில் அழகாக ஓடியது. அண்ணாச்சிக்கு டெர்மினல் ஆகாது, பட்டன் வேண்டும், அதுவும் தமிழில் வேண்டும்.

பட்டன் வைப்பதிலேயே முதல் இடி. பைத்தானோடு கூடவே வரும் டிகின்டரில் ஒரு ஜன்னல் செய்து, மாற்றிய உரையைக் காட்ட ஒரு பெட்டி வைத்தேன். லினக்ஸில் அந்தப் பெட்டியில் ‘கெ’ என்பது ககரம் முதலிலும் கொம்பு அதற்குப் பின்னாலுமாக வந்து நின்றது. உரையில் தப்பில்லை, அதையே காப்பி செய்து வேறு எடிட்டரில் ஒட்டினால் சரியாகத் தெரிகிறது. விண்டோஸிலும் மேக்கிலும் டிகின்டர் அந்தந்த இயங்குதளத்தின் எழுத்து வேலையைப் பயன்படுத்திக்கொள்கிறது, அதனால் அங்கே பிரச்சினை இல்லை. லினக்ஸில் அது எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடுகிறது, கொம்பை முன்னால் நகர்த்துவதெல்லாம் அதன் கணக்கில் இல்லை. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாலைப் பொழுதை வீணாக்கிய பிறகு டிகின்டரைத் தூக்கி வைத்துவிட்டு, ஜன்னல் செய்யும் இன்னொரு லைப்ரரியான பைக்யூடி 5-க்கு மாறினேன். அதற்குள்ளேயே எழுத்துகளைக் கோக்கும் வேலை இருக்கிறது, மூன்று தளத்திலும் தமிழ் ஒழுங்காக வரும்.

அப்புறம் பொட்டலம். பைஇன்ஸ்டாலர் என்ன செய்கிறது என்றால், ஸ்கிரிப்டையும் பைத்தானையும் தேவையான லைப்ரரிகளையும் ஒன்றாகச் சுருட்டித் தருகிறது, எதிர்முனையில் பைத்தான் நிறுவியிருக்க வேண்டியதில்லை. நான் லினக்ஸில் உட்கார்ந்துகொண்டே விண்டோஸுக்கான எக்ஸ்இ ஃபைலைச் செய்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். முடியாது. எந்தத் தளத்தில் கட்டுகிறோமோ அந்தத் தளத்துக்குத்தான் கிடைக்கும். மச்சினனின் விண்டோஸ் 11 லேப்டாப்பைக் கடன் வாங்கினேன்.

அந்த லேப்டாப் பட்ட பாட்டை இன்றைக்கும் வீட்டில் சொல்லிக் காட்டுவார்கள். கோப்புகள் நிறைய என்பதால் நாலு வேலையாட்களை வைத்து ஒரே நேரத்தில் மாற்றும்படி மல்ட்டிபிராசஸிங் போட்டிருந்தேன், அதையும் நிரல் திறந்த உடனேயே தயாராக இருக்கட்டும் என்று தொடக்கத்திலேயே உருவாக்கி வைத்திருந்தேன். எக்ஸ்இ-யைத் தட்டினேன். ஒரு ஜன்னல் வந்தது. அடுத்து நாலு. அப்புறம் எண்ண முடியவில்லை. மூடினால் இரண்டு முளைக்கிறது, மின்விசிறி ஜெட் மாதிரி கத்துகிறது, மவுஸ் நின்றுவிட்டது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அடக்கினேன்.

காரணம் தெரிந்த பிறகு எளிது. லினக்ஸில் புது வேலையாள் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நகல், விட்ட இடத்திலிருந்து தொடரும். (நான் அப்போது வைத்திருந்த பைத்தான் 3.11-இல் அப்படி, 3.14-இலிருந்து லினக்ஸிலும் இந்த இயல்புநிலை மாறிவிட்டது.) விண்டோஸில் நகலெடுக்கும் வசதி இல்லாததால் நிரலை முதலிலிருந்து மறுபடியும் ஓட்டுகிறார்கள். பொட்டலம் கட்டிய நிரலில் ‘நிரல்’ என்றால் என் எக்ஸ்இ-யேதான். அது மறுபடி திறந்தால் மறுபடி ஒரு ஜன்னலும் மறுபடி நாலு வேலையாட்களும். ‘நேரடியாக ஓட்டினால் மட்டும் தொடங்கு’ என்று மெயின் என்ற பெயரைச் சோதிக்கும் வழக்கமான வேலி என் ஸ்கிரிப்டில் இருந்தது, ஆனால் பொட்டலத்துக்குள் குழந்தை நிரலுக்கும் பெயர் மெயின்தான், வேலி தடுக்காது. மல்ட்டிபிராசஸிங்கிலேயே ஃப்ரீஸ் சப்போர்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதை மெயினின் முதல் வரியாக அழைக்க வேண்டும். ‘நான் அசல் நிரல் இல்லை, வேலையாள்’ என்று கண்டுபிடித்து அங்கேயே திருப்பி அனுப்பிவிடும். ஒரே ஒரு வரி. மச்சினனிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்தது விண்டோஸில் பைத்தான் எழுதும் எல்லோருக்கும் தெரிந்த கேரக்டர் மேப் பிழை, ‘இந்த எழுத்து என் பட்டியலில் இல்லை’ என்ற புகார். ஃபைலைத் திறக்கும்போது நான் என்கோடிங் (எழுத்துகளை எந்தப் பட்டியலின்படி பைட்டுகளாக்குவது என்பது) எதையும் குறிப்பிடவில்லை. என் லினக்ஸில் சொல்லாமலே யூனிகோடை எழுதும் முறையான யூடிஎஃப்-8 எடுத்துக்கொள்ளும். இந்திய ஆங்கிலம் வைத்த விண்டோஸில் சொல்லாவிட்டால் 1252 என்ற பழைய மேற்கத்தியப் பட்டியலை எடுத்துக்கொள்ளும், அதில் தமிழுக்கு இடமே கிடையாது. படிக்கும்போது தப்பித்தது, ஏனென்றால் உள்ளே வருவது ஆங்கிலக் குறிகள்தானே. எழுதும்போது முதல் ‘அ’விலேயே விழுந்தது. ஒவ்வொரு ஓப்பனிலும் யூடிஎஃப்-8 என்று எழுதினேன், பன்னிரண்டு இடம். கண்ணால் தேடாதீர்கள், 3.10-லிருந்து பைத்தானிலேயே இதற்கென்று ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இயக்கும்போது மைனஸ் எக்ஸ் கொடுத்து ‘வார்ன் டிஃபால்ட் என்கோடிங்’ என்று போட்டால் விட்டுப்போன இடத்தையெல்லாம் காட்டிக் கொடுக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் வெறும் யூடிஎஃப்-8 போதவில்லை. எந்தெந்தக் கோப்பு மாறியது என்று ஒரு சிஎஸ்வி பட்டியல் எழுதுகிறேன். அதை எக்செலில் திறந்தால் தமிழுக்குப் பதில் மேலே கோடு போட்ட சின்ன ஏ-வும் ® குறியும் மாறி மாறி வரிசை கட்டி நின்றன. அப்படிப் பார்த்தால் உடனே தெரிந்துகொள்ளலாம், தமிழின் யூடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ 1252-ஆகப் படிக்கிறார்கள். கோப்பின் தலையில் அடையாளக் குறியோடு எழுதும் ‘யூடிஎஃப்-8-சிக்’ போட்டதும் எக்செல் புரிந்துகொண்டது. கூடவே ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு வெற்று வரி வந்தது, அதற்கு ஓப்பனில் நியூலைன் என்ற இடத்தில் வெறும் மேற்கோள் கொடுக்க வேண்டும். சிஎஸ்வி மாட்யூலின் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள், நான் படிக்கவில்லை.

இவ்வளவும் முடிந்து பென்டிரைவோடு அச்சகத்துக்குப் போனேன். அங்கே இருந்தது விண்டோஸ் 7. அதிலும் 32 பிட். பேஜ்மேக்கர் அதில் ஓடுகிறது, பிரிண்டர் அதில் ஓடுகிறது, அதனால் அதை யாரும் தொடக் கூடாது என்பது அண்ணாச்சியின் உத்தரவு. நியாயமான உத்தரவுதான். ‘இது சரியான வின்32 நிரல் அல்ல’ என்றது. வீட்டுக்கு வந்து 32 பிட் பைத்தானால் கட்டிக்கொண்டு மறுநாள் போனேன். இப்போது ‘ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்’ என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் (விண்டோஸின் லைப்ரரிக் கோப்பு) இல்லை என்றது.

இந்தச் செய்தியைத் தேடினால் அந்த டிஎல்எல்லை இங்கே இறக்கிக்கொள்ளுங்கள், சிஸ்டம்32-க்குள் போடுங்கள் என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், யார் செய்து வைத்த கோப்பு என்று யாருக்குத் தெரியும்? விஷயம் என்னவென்றால் பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டார்கள், 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்டே அதைக் கைவிட்ட பிறகு வந்த பதிப்பு அது. கடைசியாக 7-இல் ஓடுவது 3.8. அதற்கு இறங்கினேன். ஸ்கிரிப்டில் மேட்ச்-கேஸ் போட்ட இடங்களைப் பழையபடி இஃப்-எல்ஸ் ஆக்கினேன், ரிமூவ்பிரிஃபிக்ஸ் 3.9-இல் வந்தது, அதுவும் போச்சு. பைஇன்ஸ்டாலரையும் 5-ஆம் வரிசைக்கு இறக்கினேன். நல்லவேளையாகப் பைக்யூடி 5-தான் எடுத்திருந்தேன், பைக்யூடிக்கு அடியில் இருக்கும் க்யூடியின் 6-ஆம் பதிப்பு விண்டோஸ் 7-இல் ஓடாது. அதற்கு மேலும் கேபி2999226 என்ற அப்டேட் அந்தக் கணினியில் ஏறாமல் இருந்தது, சி ரன்டைம் அதில்தான் வருகிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி ஏற்றினேன், அண்ணாச்சி டீ சொல்லப் போயிருந்த நேரத்தில்.

திறந்தது. கும்பிட்டுவிட்டு வந்தேன். மறுநாள்தான் அந்த ‘மாயமாப் போயிருது’ போன்.

தப்பு என்னுடையது. சோதிக்கும்போதெல்லாம் கறுப்பு கன்சோல் ஜன்னலோடு கட்டியிருந்தேன். கொடுக்கப் போகும்போது அசிங்கமாக இருக்கிறதே என்று கடைசி நிமிடத்தில் கன்சோல் இல்லாமல் கட்டினேன், கட்டியதை ஒருமுறைகூட மாற்றிப் பார்க்காமல் எடுத்துப் போனேன். கன்சோல் இல்லாத விண்டோஸ் நிரலில், சாதாரண வெளியீடு போகும் எஸ்டிடிஅவுட், பிழைச் செய்தி போகும் எஸ்டிடிஎர்ர் இரண்டும் ‘நன்’ ஆகிவிடும், அதாவது எழுத இடமே இல்லை. சாதாரண பிரிண்ட் அதைப் பொறுத்துக்கொள்ளும், சத்தமில்லாமல் எதுவும் செய்யாமல் திரும்பிவிடும். ஆனால் டெர்மினல் காலத்தில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்ட டிக்யூடிஎம் என்ற லைப்ரரியை வைத்திருந்தேன், அது நேராக எஸ்டிடிஎர்ரில் எழுதப் போகும். இல்லாத ஒன்றின் மேல் எழுதப் போனால் பிழை. பட்டன் அழுத்தியதற்குப் பதில் சொல்லும் ஃபங்ஷனில் பிழையைப் பிடிக்காமல் விட்டால் பைக்யூடி 5 மொத்த நிரலையும் நிறுத்திவிடும். பிழைச் செய்தி எங்கே போகும்? அதே இல்லாத எஸ்டிடிஎர்ருக்கு.

டிக்யூடிஎம்மை எடுத்தேன். அதைவிட முக்கியமாக, நிரல் தொடங்கியதும் முதல் வேலையாக ஒரு பதிவுக் கோப்பைத் திறந்து எஸ்டிடிஅவுட், எஸ்டிடிஎர்ர் இரண்டையும் அதற்குத் திருப்பிவிட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இதற்கப்புறம் வந்த ஒவ்வொரு பிரச்சினையும் ‘அந்தப் பதிவை வாட்ஸப்பில் போடுங்க அண்ணாச்சி’ என்ற ஒரே வாக்கியத்தில் பாதி முடிந்துவிட்டது.

அந்தப் பதிவுக் கோப்பை எங்கே வைப்பது என்பதில் இன்னொரு சறுக்கல். எல்லாம் ஒரே எக்ஸ்இ-யாக இருக்கட்டும் என்று ஒற்றைக் கோப்பாகக் கட்டியிருந்தேன். அப்படிக் கட்டினால் ஒவ்வொரு முறை தட்டும்போதும் தற்காலிக இடத்தில் ‘எம்இஐ’ என்று தொடங்கும் ஒரு கோப்புறையில் எல்லாவற்றையும் விரித்துக்கொண்டு, மூடும்போது அழித்துவிடும். என் அமைப்புகள் கோப்பை ஸ்கிரிப்டின் பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருந்தேன். பொட்டலத்துக்குள் ‘பக்கத்தில்’ என்றால் அந்தத் தற்காலிகக் கோப்புறைதான். எழுதும், பிழை வராது, மூடியதும் போய்விடும். “டெய்லி போல்டரைத் திருப்பித் திருப்பிக் கேக்குதே” என்று அண்ணாச்சி சலித்துக்கொண்டது இதனால்தான். படிக்க மட்டும் உள்ள பாமினி அட்டவணையை, பொட்டலம் விரிந்திருக்கும் இடத்தைச் சொல்லும் மெய்பாஸ் என்ற மாறியைப் பார்த்து எடுக்கிறேன், எழுத வேண்டியதை விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள்ளும், லினக்ஸில் வீட்டுக் கோப்புறையின் டாட் கான்ஃபிகுக்குள்ளும், மேக்கில் லைப்ரரியின் அப்ளிகேஷன் சப்போர்ட்டுக்குள்ளும் வைக்கிறேன். ஒற்றைக் கோப்பையும் விட்டுவிட்டேன். திறக்க நேரமாகிறது, ஆன்டிவைரஸ் வேறு சந்தேகப்படுகிறது, மச்சினன் லேப்டாப்பில் ஒருதரம் கட்டி முடிப்பதற்குள் தூக்கிப் போட்டுவிட்டது. ஒரு கோப்புறையாகக் கட்டி ஜிப் செய்து கொடுத்தால் போதும், ஷார்ட்கட் நாமே போட்டுக்கொள்ளலாம்.

லினக்ஸ் என் வீடு, அங்கே பிரச்சினை வராது என்று நினைத்தேன். வாத்தியார் நண்பர் ஒருவரின் உபுண்டு 20.04-இல், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.35 இல்லை என்று நின்றது. நான் கட்டியது 22.04-இல், அதில் இருப்பது 2.35, அவரிடம் 2.31. பழையதில் கட்டியது புதியதில் ஓடும், திருப்பி ஓடாது. என் கணினிக்குள்ளேயே தனி அறை போல இன்னொரு லினக்ஸை ஓட்டும் டாக்கரில் 20.04-ஐ வைத்து அதற்குள் கட்டினேன். அப்புறம் திரையில் ஜன்னலைக் காட்டும் க்யூடியின் எக்ஸ்சிபி செருகி ஏறவில்லை என்றது, க்யூடி டிபக் பிளகின்ஸ் என்ற சூழல் மாறியை 1 ஆக்கி ஓட்டினால் எந்த லைப்ரரி இல்லை என்று பெயரோடு சொல்லிவிடுகிறது: எக்ஸ்சிபி-சினராமா. நிறுவியதும் சரி.

ஆனால் ‘கோப்புறையைத் திற’ பட்டன் அவரிடம் வேலை செய்யவில்லை. அது கோப்புறையைத் திறந்து காட்டும் எக்ஸ்டிஜி-ஓப்பன் என்ற வெளி நிரலை அழைக்கிறது, டெர்மினலில் கையால் அழைத்தால் திறக்கிறது, நிரலிலிருந்து அழைத்தால் ஏதோ சிம்பல் இல்லை என்கிறது. பைஇன்ஸ்டாலர் தன் லைப்ரரிகளை முதலில் எடுக்கச் சொல்லி எல்டி லைப்ரரி பாத் என்ற மாறியை மாற்றி வைக்கிறது, நாம் அழைக்கும் வெளி நிரலும் அதே மாறியைச் சுமந்துகொண்டு போய் நம் பொட்டலத்து லைப்ரரிகளில் முட்டிக்கொள்கிறது. பழைய மதிப்பை அதே பெயரோடு ‘ஒரிக்’ என்று ஒட்டி வேறொரு மாறியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வெளி நிரலை அழைக்கும் முன் சூழலை நகலெடுத்து அதைத் திருப்பி வைத்துக் கொடுக்க வேண்டும், அந்த மாறி இல்லாவிட்டால் முதலாவதை அழித்துவிட வேண்டும்.

மேக் எனக்குத் தேவையே இல்லை என்றுதான் இருந்தேன். அச்சகத்துக்கு அட்டை வடிவமைத்துக் கொடுப்பவரிடம் ஹார்ட் டிஸ்க் வைத்த பழைய ஐமேக் இருக்கிறது, மேக்கின் பழைய பதிப்பான ஹை சியரா ஓடுகிறது. அவருக்கும் வேண்டும் என்றார்கள். அவர் கணினியிலேயே உட்கார்ந்து கட்டினேன். மாற்றியது, நன்றாகவே மாற்றியது, ஆனால் ஏற்கெனவே மாற்றிய கோப்புகளை விட்டுவிட வேண்டிய நிரல் சிலவற்றை மட்டும் ஒவ்வொரு முறையும் மறுபடி மாற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் அல்ல. ‘திருமண அழைப்பு’ சரியாக விடுபடுகிறது. ‘கோவில் கொடை’ விடுபடவில்லை.

பதிவில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வைத்தேன். கண்ணுக்கு ஒன்றுதான். நீளத்தை எண்ணச் சொன்னேன். விண்டோஸில் செய்த பட்டியலில் ‘கோவில் கொடை’க்கு 11 குறிகள், மேக் சொன்ன பெயரில் 13.

‘ொ’ என்ற உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம், அல்லது கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று பிரித்து இரண்டாக எழுதலாம். ‘ோ’, ‘ௌ’ ஆகியவையும் அப்படியே. அந்த ஐமேக்கின் டிஸ்க் எச்எஃப்எஸ் பிளஸ் வகை, அது கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் வைத்துக்கொள்ளும், பென்டிரைவிலிருந்து சேர்ந்த வடிவில் போட்டாலும் பிரித்துவிடும். கோ-வுக்கு ஒன்று, கொ-வுக்கு ஒன்று, ஆக இரண்டு குறிகள் கூடுதல். கணக்கு சரியாக இருந்தது. யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸை எடுத்து, ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி-யாக்கினேன், அதாவது சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவந்தேன். தீர்ந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில்தான் உறைத்தது. பாமினியில் ‘கொ’ அடிக்கும்போது கொம்பு, க, கால் என்று கண்ணில் தெரியும் வரிசையில்தான் அடிப்பார்கள். என் ஸ்கிரிப்ட் கொம்பைத் தூக்கிக் ககரத்துக்குப் பின்னால் போடுகிறது, அவ்வளவுதான், காலோடு சேர்த்து ஒரே குறியாக்குவதில்லை. அப்படியென்றால் இதுவரை மாற்றிக் கொடுத்த 340 கோப்புகளிலும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கொ-வும் கோ-வும் பிரிந்த வடிவில்தான் இருக்கிறது. பார்க்க ஒரு குறையும் தெரியாது. விசைப்பலகையில் ‘கொடை’ என்று அடித்து என் எடிட்டரில் தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை. மேக் மட்டும் நடுவில் வராமல் இருந்திருந்தால் இதை நான் கவனித்திருக்கவே மாட்டேன். எழுதும் முன் ஒரு என்எஃப்சி, அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி மாற்றிக் கொடுத்தேன்.

கடைசியாக ஒன்று செய்தேன். பழைய டாக் ஃபைல்களிலிருந்து உரையை எடுக்க ஆன்டிவேர்டு என்ற சிறு நிரலை அழைக்கிறேன், அது கன்சோல் நிரல் என்பதால் விண்டோஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கறுப்புப் பெட்டி பளிச்சென்று வந்து மறையும். சப்பிராசஸில் ‘கிரியேட் நோ விண்டோ’ கொடியைப் போட்டு அதை நிறுத்திப் புதுப் பதிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேர்த்தியாக இருந்தது.

சாயங்காலம் போன். “தம்பி, அந்தக் கறுப்பு டப்பா இப்ப வரலையே. அது வந்து வந்து போனாத்தான் எத்தனை முடிஞ்சிருக்குன்னு நான் எண்ணிக்கிட்டே டீ குடிச்சிட்டு வருவேன். இப்ப ஓடுதா நிக்குதான்னே தெரியலையே.”

ஜன்னலின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், இப்போது எந்தக் கோப்பு, மொத்தத்தில் எத்தனையாவது என்று காட்டும்படி. எழுத்து பெரிசாக வேண்டுமாம், டீக்கடையிலிருந்து தெரியும் அளவுக்கு.